குளிர்பெட்டிக்காரன் சொன்ன சொல்

அர்த்தநாரி மஸ்கட்டில் பதினாறு வருடம் மீனைக் கெடாமல் வைத்திருந்தான். துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு குளிர்க்கிடங்கு. அதில் கம்ப்ரசர் பார்க்கிற வேலை. உள்ளே மைனஸ் பதினெட்டு, வெளியே நாற்பத்தைந்து. இரைச்சலில் இடது காது மந்தமாகிவிட்டது. யாராவது பேசினால் முகத்தைச் சற்றுத் திருப்பி வலது காதைக் கொடுப்பான். மரியாதையாகத் தலை சாய்க்கிறான் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

ஏழாவது வருடம் அவனுடைய அப்பா இறந்தார். பங்குனி மாதம். பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது, அதைக் கையில் வாங்கவே ஒன்றரை நாள் ஆனது. மூன்றாம் நாள் சொந்த ஊரான மல்லசமுத்திரத்தில் வந்து இறங்கியபோது பந்தல்காரன் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். வெயில் தாங்காது என்று இறந்த அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். பெரியப்பா மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஐஸ் பொட்டி ஒண்ணு இருந்திருந்தா உனக்கு மூஞ்சி காட்டியிருக்கலாம் சாமி. திருச்செங்கோட்டுல கேட்டோம். இருந்த ஒண்ணும் வேற எழவுக்குப் போயிருச்சுன்னுட்டாங்க."

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அவன் மீன்களைப் பார்த்தபோதெல்லாம் இதை நினைத்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் ஊருக்குத் திரும்பி என்ன தொழில் செய்வீர்கள் என்று மஞ்சுளா கேட்டபோது அவனிடம் பதில் இருந்தது.

மஞ்சுளா அவன் மனைவி. கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் இருவரும் ஒரே வீட்டில் இருந்த நாட்களை அவள் ஒருமுறை கூட்டிப் பார்த்தாள். பதினொரு மாதம் வந்தது. கடைசி விடுப்பில் அவன் கிளம்பியபோது துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"இனி ஒருக்காப் போனீங்கன்னா போனதுதானுங்க. நானும் பிரபாவும் எங்கம்மா ஊட்டுல இருந்துக்கறோம். நீங்க எப்ப வேணா வாங்க, எப்ப வேணாப் போங்க."

பிரபா மகள், பதின்மூன்று வயது. அவனை அப்பா என்று கூப்பிடுவாள். ஆனால் அவனிடம் எதையும் கேட்கமாட்டாள். விருந்தாளிகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று பழக்கிய பிள்ளை மாதிரி இருப்பாள்.

மாசி மாதம் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்துவிட்டான். ஆவணி வரைக்கும் உன் இடத்தில் வேறு ஆள் போடமாட்டேன், அதன் பிறகு கேட்காதே என்று மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். அர்த்தநாரி அதை வீட்டில் சொன்னான். சொல்லியிருக்க வேண்டியதில்லை.

பெட்டியை அவனே செய்தான். திருச்செங்கோட்டில் ஒரு லேத்துப் பட்டறையில் எவர்சில்வர் தகட்டை வளைத்து, கம்ப்ரசரை சேலத்தில் பார்த்து வாங்கி, மேல் கண்ணாடிக்கு ரப்பரை மூன்று முறை மாற்றினான். உள்ளே விரிக்க வெள்ளைத் துணி செவ்வாய்ப்பேட்டையில் மொத்தமாக எடுத்தான்.

"மீனு வெக்கற பொட்டி செஞ்சா நாலு பேரு வாங்குவாங்க" என்றாள் மஞ்சுளா. "பொணப் பொட்டிய எவஞ் செய்வான்?"

"நாஞ் செய்வேன்."

"செய்யுங்க. ஊட்டுக்குக் கொண்டாந்துறாதீங்க."

பேருந்து நிலையத்துக்குப் போகிற சாலையில், வெல்டிங் கடைக்கு அடுத்து, இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்த ஒரு ஷெட் கிடைத்தது. பெட்டியை ஏற்றிப் போக அங்கமுத்து சேர்ந்தார். ஐம்பத்தைந்து வயது. போர்வெல் போடுகிற ரிக் லாரி ஓட்டிப் பாதி இந்தியாவைப் பார்த்தவர். இப்போது ஒரு குட்டி யானை வண்டி வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது அவருக்குத் தெரியும். "பொட்டிய நீ பாத்துக்க, ஆளுகள நான் பாத்துக்கறேன்" என்றார்.

சித்திரையில் முதல் அழைப்பு வந்தது. ஆனிக்குள் பதினைந்து வீடுகள். அர்த்தநாரி வேலையைச் சுத்தமாகச் செய்தான். உடலை வைப்பதற்கு அரைமணி முன்பே பெட்டியை ஓடவிட்டுக் குளிர வைப்பான். பெரும்பாலான வீடுகளில் அதற்கு ஏற்ற பிளக் இருக்காது, மீட்டரிலிருந்து நேராக ஒயர் இழுப்பான். கண்ணாடியின் மேல் ஆவி படியும். துடைப்பதற்கு ஒருவரை நிறுத்தி, எந்தத் துணியால், எத்தனை நேரத்துக்கு ஒருமுறை என்று சொல்லிவிட்டு வருவான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு வீடியோவில் முகத்தைக் காட்டுகிறவர்கள் போனைக் கண்ணாடிக்கு மிக அருகில் கொண்டுபோனால், சற்றுத் தள்ளிப் பிடிக்கச் சொல்வான். அவனுடைய பெயரும் போன் நம்பரும் பெட்டியின் கால்மாட்டில் ஒட்டியிருந்தன. தலைமாட்டில் ஒட்ட அவனுக்கு மனம் வரவில்லை.

பதின்மூன்றாவது வீட்டுக்கும் பதினான்காவது வீட்டுக்கும் இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரபா, "எனக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வேணும்ப்பா" என்றாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாதியில் கை கழுவிவிட்டுப் போய் வாங்கி வந்தான். அன்று மேனேஜர் போன் செய்தபோது மஞ்சுளா, "எடுக்க வேண்டாமுங்க" என்று மட்டும் சொன்னாள். எடுக்கவில்லை.

பதினாறாவது வீடு புளியங்காட்டில். மல்லசமுத்திரத்திலிருந்து நாலு மைல். குச்சிக்கிழங்குக் காட்டுக்கு நடுவே பழைய ஓட்டு வீடு. செங்கோடன் என்ற எழுபது வயதுக்காரர் காலையில் பால் கறக்கப் போன இடத்தில் விழுந்துவிட்டார். மூத்த மகன் தமிழரசு அங்கேயே காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். இளையவன் நந்தகுமார் தோஹாவில் இருந்தான். அவன் வந்து சேர ஒன்றரை நாள் ஆகும்.

அர்த்தநாரி பெட்டியை முன்கூடமான ஆசாரத்தின் நடுவில் வைத்து மட்டம் பார்த்தான். செங்கோடனின் மனைவி பெருமாயி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னவன் வர்ற வரைக்கும் தாங்குமா சாமி?"

"தாங்குமுங்க ஆயா. நாலு நாளைக்குக்கூடத் தாங்கும்."

"அவனுக்கு மூஞ்சி தெரியோணும்."

"தெரியுமுங்க. தூங்கற மாதிரி இருக்கும்."

"கரண்டு போயிட்டா?"

"ஜெனரேட்டர் கொண்டாந்திருக்கறனுங்க. நீங்க அதப் பத்தி நெனைக்காதீங்க."

அவள் தலையை ஆட்டினாள். அவனால் அந்த வீட்டை விட்டு உடனே எழுந்துபோக முடியவில்லை. வேலை முடிந்த பிறகும் கண்ணாடியை இன்னொரு முறை துடைத்தான். பிறகு எழுந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, கும்பிட்டான்.

"செரிங்க ஆயா. நான் வாரேனுங்க."

ஒப்பாரி நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பெருமாயி அவன் கைகளிலிருந்து பார்வையை எடுத்து அவன் வாயைப் பார்த்தாள்.

"இவனுக்கு இங்க என்ன விருந்தா போட்டோம், மறுக்கா வாரேங்கறான்?" என்றது பின்னாலிருந்து ஒரு கிழவரின் குரல்.

வாசற்படியில் நின்ற தமிழரசு, "செரி செரி, நீங்க நடங்க" என்று அவன் தோளைத் தொட்டு வெளியே அனுப்பினான். அவன் முகத்தில் கோபம் இல்லை. கொஞ்சம் சிரிப்பு இருந்த மாதிரிகூட இருந்தது.

வண்டியில் ஏறியதும் அங்கமுத்து கேட்டார்.

"உள்ள என்ன சொல்லிப்போட்டு வந்தே? பொம்பளைக மூஞ்சியெல்லாம் ஒரு மாதிரி ஆயிருச்சு."

"வாரேன்னு சொன்னேன்."

அங்கமுத்து சாவியைத் திருப்பாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"எழவூட்டுல வாரேன்னு சொல்லுவாங்களா? சொல்லாமக் கொள்ளாம எந்திரிச்சு வரோணும். பால்குடிக்கற புள்ளைக்குக்கூடத் தெரியும்."

அவனுக்கும் தெரியும். அந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் வாரேன் என்பார்கள். போறேன் என்று சொன்னால் வீட்டுக்காரர்கள் சங்கடப்படுவார்கள். இழவு வீட்டில் மட்டும் இரண்டும் கிடையாது. ஆனால் அவன் ஊரை விட்டுப் போனது இருபத்து நாலு வயதில். அந்த வயதில் இழவு வீட்டுக்குள் போய்ப் பேசுவதெல்லாம் பெரியவர்கள், இளவட்டங்கள் வெளியே நிற்பார்கள். பதினாறு வருடம் அவன் அந்தச் சொல்லைப் போனில்தான் சொன்னான், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், கடைசியாக. அது சொல்லாக இல்லாமல் போனை வைக்கிற ஓசையாக ஆகிவிட்டிருந்தது. முந்தைய பதினைந்து வீடுகளிலும் வேலை முடிந்ததும் அங்கமுத்து அவன் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே கூட்டி வந்துவிடுவார். இன்று வண்டியைத் திருப்பப் போயிருந்தார்.

"நாளன்னைக்குப் பொட்டியெடுக்க வரத்தானே போறோம்? அதுக்குத்தான் சொன்னேன்" என்றான் அர்த்தநாரி.

"நீ பொட்டிக்குச் சொன்னே. அத வேற எது கேட்டுச்சோ."

மறுநாள் மத்தியானம் நந்தகுமார் வந்தான். அர்த்தநாரி ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுகிற சாக்கில் வாசலில் நின்றிருந்தான். நந்தகுமாருக்கு முப்பது வயது இருக்கும். பையைத் தோளிலிருந்து இறக்காமலே குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "ஷேவ் பண்ணியுட்டிருக்கீங்க" என்றான். பிறகு அழுதான். அர்த்தநாரி வேலிப்பக்கம் போய் நின்றுகொண்டான். செய்த காரியம் சரியாக இருந்தது என்று அவனுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியது அவன் வாழ்க்கையில் அதிகம் இல்லை.

மூன்றாம் நாள் எடுத்தார்கள். அன்று சாயங்காலம் அவன் போய்ப் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்தான். வாரேன் என்றான், வந்தான், முடிந்தது என்று நினைத்தான்.

கருமாதி முடிந்து நந்தகுமார் தோஹாவுக்குப் போனான். செங்கோடன் இறந்த பத்தொன்பதாம் நாள் தமிழரசு உரமூட்டையை பைக்கின் முன்னால் வைத்துக்கொண்டு பைபாஸில் திரும்பினான். லாரிக்காரனுக்கு அவன் தெரியவில்லை.

அங்கமுத்து ஷெட்டுக்கு வந்து சொன்னார். அர்த்தநாரி பெட்டியின் ஒயரைச் சுற்றி எடுத்தான்.

"வெச்சிரு" என்றார் அங்கமுத்து. "அவிய ராசிபுரத்துல இருந்து பொட்டி கொண்டாந்துட்டாங்க."

"அத்தன தூரத்துல இருந்து எதுக்கு?"

அங்கமுத்து வெல்டிங் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த பத்து நாளில் சுற்றுவட்டாரத்தில் மூன்று சாவுகள். ஒன்றுக்கும் அழைப்பு வரவில்லை. வாட்ஸப்பில் ஒரு பெண்ணின் குரல் சுற்றியது. பெயர் சொல்லாமல், பெட்டிக்காரன் என்று சொல்லி, நடந்ததை விவரித்தது. அதில் அவன் "இன்னொண்ணுக்கு வாரேன்" என்று சொன்னதாக இருந்தது. பிரபா அதை டியூஷனில் யாரோ ஒருத்தியின் போனில் கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வேறு எதையும்கூடக் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஆடி மாதம் இரண்டாம் வாரம் பெருமாயி டவுன் பஸ்ஸில் வந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. ஷெட்டுக்குள் பெட்டி வெறுமனே கிடந்தது. அவன் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து அதற்கு முதுகு காட்டுகிற மாதிரி போட்டான். அவள் அதைத் திருப்பிப் போட்டு, பெட்டியைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"நீ தெரியாமச் சொன்னே. எனக்குத் தெரியும்."

"ஆயா, உங்க பையன் லாரி அடிச்சுத்தானுங்க..."

"ஆமா சாமி. லாரிதான்."

"நாஞ் சொன்னதுக்கும் அதுக்கும் என்னுங்க இருக்குது?"

"ஒண்ணுமில்ல. நீ அத எடுத்துக்க."

"எதையுங்க?"

"சொன்னத."

வெல்டிங் கடையில் கிரைண்டர் ஓடியது. அவள் அது நிற்கும்வரை காத்திருந்தாள்.

"பொட்டியோட வா. வாசல்ல எறக்கு. இனி இந்த ஊட்டுக்கு வரமாட்டேன்னு சொல்லு. பொட்டியத் தூக்கிக்கிட்டு, திரும்பிப் பாக்காமப் போயிரு."

"இப்படியொரு மொற உண்டுங்களா?"

"இல்ல. நாந்தான் ரோசன பண்ணுனேன்."

அவன் வலது காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் எழுந்தாள்.

"சீக்கிரம் சாமி. எனக்கு ஒண்ணுதான் மிச்சம்."

அவள் பஸ் ஏறிய பிறகு அங்கமுத்து பேசினார். அவர் அவ்வளவு நேரம் பேசி அர்த்தநாரி கேட்டதில்லை.

"போயிச் சொன்னீன்னா முடிஞ்சுது. இப்பப் பாதிப் பேரு நம்பறான், பாதிப் பேரு சிரிக்கறான். நீயே போயி எடுத்துக்கிட்டா சிரிக்கறவனும் நம்பீருவான். மூணு மாசம் சும்மா இரு. பொட்டியே எடுக்காமச் சனத்தால இருக்க முடியுமா? அவசரம்னு வந்தா நம்மளத்தான் கூப்புடோணும். சனம் மறந்துரும். இதவிடப் பெருசெல்லாம் மறந்திருக்குது."

மஞ்சுளாவும் அதைத்தான் சொன்னாள், ஒரே வார்த்தையில். "போகாதீங்க."

அவன் போகப்போவதில்லை என்றுதான் நினைத்திருந்தான். மூன்று நாள் கழித்து வெளிநாட்டு நம்பரிலிருந்து போன் வந்தது. மேனேஜர் என்று எடுத்தான்.

"அண்ணா, நந்தகுமார் பேசறனுங்க. புளியங்காடு."

"சொல்லுங்க தம்பி. என்னோட நம்பரு எப்படி?"

"மனப்பாடம் ஆயிருச்சுங்க. அப்பா கால்மாட்டுல ஒரு நாள் பூரா உக்காந்திருந்தேன். அத ஒண்ணுதான் படிக்கறதுக்கு இருந்துச்சு."

அர்த்தநாரி போனை வலது காதில் இன்னும் அழுத்திக்கொண்டான். திட்டப்போகிறான் என்று எதிர்பார்த்தான். நந்தகுமார் திட்டவில்லை. அண்ணன் சாவுக்குத் தான் வரவில்லை என்றான். டிக்கெட் போட்டிருந்தான். அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

"வந்து ஊட்டுக்குள்ள கால வெச்சீன்னா நான் கெணத்துல உளுந்துருவேங்குது. அந்தச் சொல்லு ஊட்டுக்குள்ளயே நிக்குதாம். நீ அங்கயே இரு, அங்க இருந்தா உசுரோட இருப்பேங்குது. அண்ணன் மூஞ்சிய போன்லதான் பாத்தேன். துணி போட்டு மூடியிருந்துச்சு."

"எத்தன நாளைக்கு வர வேண்டாமுன்னாங்க?"

"அது சொல்லீலைங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "இங்க எனக்கு காண்ட்ராக்ட் அடுத்த மாசம் முடியுதுங்க. ஊருக்கு வந்து எதாச்சும் தொழில் வெக்கலாம்னு இருந்தேன். இப்ப இன்னொரு ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துக் கேக்கறாங்க. போட்டறலாமான்னு..."

அவன் எதையும் கேட்பதற்காகப் போன் செய்யவில்லை என்பது அர்த்தநாரிக்குப் புரிந்தது. அந்த ஊரில் பேசுவதற்கு ஆள் இல்லாததால் தெரிந்த ஒரு நம்பருக்குப் பேசினான். மஸ்கட்டிலிருந்து அர்த்தநாரியும் அப்படிப் பேசியிருக்கிறான்.

"கையெழுத்துப் போடாதீங்க. ஒரு வாரம் பொறுங்க" என்றான் அர்த்தநாரி.

புதன்கிழமை காலை பெட்டியை வண்டியில் ஏற்றினான். அங்கமுத்து வண்டியை ஓட்டினார். ஆனால் புளியங்காட்டில் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். சொந்தக்காரர்கள் இரண்டு பேர் பெட்டியை இறக்கக் கை கொடுத்தார்கள், இறக்கியதும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். பெருமாயி நிலைக்குள் நின்றாள், வெளியே வரவில்லை. தமிழரசுவின் மனைவி அவளுக்குப் பின்னால் தெரிந்தாள். அவள் அர்த்தநாரியைப் பார்க்கவே இல்லை, பெட்டியைத்தான் பார்த்தாள்.

"இனி இந்த ஊட்டுக்கு வரமாட்டேன்" என்றான்.

"கேக்கல சாமி" என்றாள் பெருமாயி.

அவன் மறுபடியும் சொன்னான். இந்த முறை குரல் பெரிதாக வந்தது, ஆஜர் சொல்கிற மாதிரி.

அவள் தலையசைத்தாள். அவள் முகத்தில் ஏதோ தளர்ந்தது. யாரோ அவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். பெட்டியை ஏற்றிவிட்டு அவன் வண்டிப் பக்கம் நடந்தான். இடது பக்கத்திலிருந்து யாரோ ஏதோ சொன்னார்கள். அவனுக்குத்தானா, என்ன சொன்னார்கள் என்று அவனுக்குக் கேட்கவில்லை. வலது காதைக் கொடுக்க வேண்டுமானால் திரும்ப வேண்டும். அவன் திரும்பவில்லை.

சாயங்காலத்துக்குள் மல்லசமுத்திரம் முழுவதும் வீடியோவைப் பார்த்துவிட்டது. அங்கமுத்து சொன்னது சரியாக இருந்தது. குரலாகச் சுற்றியபோது அது ஒரு பெண் சொன்ன கதை. இப்போது அவனே ஒத்துக்கொண்டான், அவன் வாயிலேயே கேட்டார்கள். அவன் ஷெட்டைத் தாண்டிப் போகிறவர்கள் சாலையின் அந்தப் பக்கமாகப் போனார்கள். வெல்டிங் கடைக்காரன், "தப்பா நெனைச்சுக்காதீங்க, கஸ்டமரு ஒரு மாதிரியாப் பேசறாங்க" என்று சொல்லி இடையில் ஒரு தகரத்தை நிறுத்தினான்.

ஒரே ஒரு அழைப்பு வந்தது, ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து. இணையத்தில் நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டவர்கள். அர்த்தநாரியும் அங்கமுத்துவும் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனார்கள். வாழப்பாடி தாண்டியதும் போன் அடித்தது.

"வேற எடத்துல சொல்லிட்டோம் சார். நீங்க வர வேணாம்."

அங்கமுத்து வண்டியை ஓரம் கட்டினார். இருவரும் இறங்கி டீ குடித்தார்கள். வண்டியில் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்த டீக்கடைக்காரர், "ஆளு உள்ள இருக்கா, காலியா?" என்று கேட்டார்.

"காலிதான்" என்றார் அங்கமுத்து.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து அவர் முட்டை ஏற்றப் போய்விட்டார். போவதற்கு முன் ஷெட்டுக்கு வந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். நான்தான் சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை.

பெட்டியை யாரும் வாங்க வரவில்லை. கம்ப்ரசரைக் கழற்றி ஐஸ்கிரீம் கடைக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். எதிலிருந்து கழற்றியது என்று அவர் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. தகடு லேத்துப் பட்டறைக்கே திரும்பிப் போனது.

ஆவணி முதல் தேதி மேனேஜர் கூப்பிட்டார். இந்த முறை மஞ்சுளா எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. போன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

"எடுங்க" என்றாள். "அடிச்சுட்டே கெடக்குது."

வேலைக்குத் திரும்பச் சம்மதித்துப் பேசி முடித்துவிட்டு அவன் அவளிடம் போனான். போய் நின்றான்.

"அந்த ஊட்டுப் பையன் ஊட்டுக்கு வரோணும்னு நெனச்சீங்க. செரி" என்றாள். "எங்களையும் ஒருக்கா நெனச்சிருக்கலாம்."

அவன் நினைத்திருந்தான். நினைத்த பிறகுதான் போனான். அதை அவளிடம் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

சேலத்தில் மஸ்கட் வேலைக்கான மெடிக்கல் முடிந்தது. காது பற்றிக் கேட்டார்கள், நன்றாகக் கேட்கும் என்றான்.

கிளம்புவதற்கு முதல் நாள் பகல் நந்தகுமார் வீட்டுக்கு வந்தான். வந்து இருபது நாளாகிறது என்றான். முகம் தெளிந்திருந்தது. கொஞ்சம் கறுத்திருந்தான். காட்டில் வேலை செய்திருப்பான் போல. பிரபா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மஞ்சுளா சமையலறையிலிருந்து வரவில்லை.

"அம்மா இப்பச் சாப்புடுதுங்க" என்றான்.

"நல்லதுங்க."

"உங்களக் கேட்டதாச் சொல்லச் சொல்லுச்சு." அவன் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தான். "ஊட்டுப் பக்கம் மட்டும் வந்துற வேண்டாம்னுச்சு."

"வரலீங்க."

வந்த விஷயத்துக்கு அவனால் எளிதில் வர முடியவில்லை. மழையைப் பற்றிப் பேசினான். கிழங்கு ஆலை எப்போது திறப்பார்கள் என்பதைப் பற்றிப் பேசினான். கடைசியில் சொன்னான். டைல்ஸ் கடை வைக்கப் போகிறான். தோஹாவில் எட்டு வருடம் அந்த வேலைதான். இடம் பார்த்துவிட்டான், பேசியும் ஆகிவிட்டது. பேருந்து நிலையம் போகிற சாலையில் அர்த்தநாரி வைத்திருந்த அந்த ஷெட்.

"உங்களுக்கு ஆட்சேபணை இல்லீன்னாத்தானுங்க. பூச போட்டு, வெள்ளையடிச்சு, வாசப்படிய வடக்க மாத்திக்கறேன். அங்க த்ரீ பேஸ் லைன் உங்க பேருல இருக்குது. மாத்தறதுக்கு ஒரு லெட்டர் வேணுமுங்க."

அவன் எழுதியே கொண்டுவந்திருந்தான். சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தான். அர்த்தநாரி படித்துப் பார்த்தான். தேதி மட்டும் விட்டுப் போயிருந்தது. தேதியைப் போட்டு, கீழே கையெழுத்துப் போட்டான்.

"அந்த லைன்ல மத்தியானத்துல வோல்டேஜ் எறங்கும். கட்டிங் மெசினுக்கு ஸ்டெபிலைசர் போட்டுக்கங்க" என்றான்.

"செரிங்கண்ணா."

நந்தகுமார் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகு மஞ்சுளா வந்து டம்ளரை எடுத்தாள். பிரபா தன் துணிகளையும் பாடப்புத்தகங்களையும் ஒரு பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். காலையில் அவன் போன பிறகு அவர்கள் இளம்பிள்ளைக்குப் போகிறார்கள், மஞ்சுளாவின் அம்மா வீட்டுக்கு. டிசியைப் பள்ளிக்கூடத்தில் வாங்கியாகிவிட்டது.

அர்த்தநாரி சூட்கேஸை மூடி, எடைபார்க்கும் கொக்கியில் மாட்டித் தூக்கினான்.

"இன்னும் நாலு கிலோ வெக்கலாம்" என்றான்.

"வெக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள் மஞ்சுளா.